பால் தெருத் திடலும் நம் காலி மனைகளும்



முழு ஆண்டுத் தேர்வு முடியும் சமயத்தில் பெற்றோர் பலர் ஒரே கேள்வியோடு வருவார்கள். "பையன் ஏழாவது முடிச்சுட்டான். லீவுல படிக்க என்ன புத்தகம் வாங்கித் தரலாம்?" பெண்ணைப் பெற்றவர்களும் கேட்கிறார்கள், அதில் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. இந்த வருடம் நான் சொல்லப்போகும் புத்தகம் ஹங்கேரி நாட்டில் எழுதப்பட்டது. பெயர் 'பால் தெருச் சிறுவர்கள்'. எழுதியவர் ஃபெரென்ட்ஸ் மோல்நார். நான் ஆங்கிலத்தில் வாசித்தேன். வாசித்த நாளிலிருந்து, லாரி செட்டுக்கும் குடோனுக்கும் நடுவில் மூன்று குச்சி நட்டு கிரிக்கெட் ஆடும் நம் பசங்களை முன்பு பார்த்த மாதிரி பார்க்க முடியவில்லை.

கதை 1889-ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் நடக்கிறது. யோஜெஃப்வாரோஷ் என்ற பகுதியில் பால் தெரு. அந்தத் தெருவில் வேலி அடைத்த ஒரு காலி மனை. இரண்டு பக்கமும் வீடுகள். பின்னால் நீராவியில் இயங்கும் மர அறுவை ஆலை, அதன் விறகுக் கட்டைகள் ஆளுயரத்துக்கு மேல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் அங்கே ஓடுகிறார்கள். விறகு அடுக்குகள் கோட்டையாகின்றன, உச்சியில் கொடி பறக்கிறது. காவலுக்கு யானோ என்ற ஆள், அவருக்கு ஒரு நாய். அந்தப் பிள்ளைகளுக்கு அது ஒரு தேசம். படை அமைத்து ஆளுக்கொரு பதவி எடுத்துக்கொள்கிறார்கள். தலைவன் போகா, பதினான்கு வயதுதான், ஆனால் நிதானமானவன், வீண் வார்த்தை பேசாதவன். எல்லோரும் கேப்டன், லெப்டினன்ட் என்று இருக்க, ஒரே ஒருவன் மட்டும் சாதாரணப் படைவீரன். எல்லோருக்கும் சல்யூட் அடிக்க வேண்டியவன் அவன், எல்லோரும் வேலை ஏவுவதும் அவனைத்தான். தையல்காரர் வீட்டுப் பிள்ளை, ஒல்லியான, மஞ்சள் முடிக்காரன். பெயர் நெமெச்செக்.

பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் இன்னொரு கூட்டம். சிவப்புச் சட்டைக்காரர்கள். அவர்களுடைய தலைவன் ஃபெரி ஆச். அவர்களிடம் குளம் இருக்கிறது, தீவு இருக்கிறது, பந்து விளையாட மட்டும் இடம் இல்லை. ஆகவே பால் தெருத் திடல் வேண்டும் என்கிறார்கள். சண்டையின் காரணம் அவ்வளவுதான். இந்த இடத்தில் மோல்நாரை நான் மிகவும் மதிக்கிறேன். எதிரிப் பிள்ளைகளை அவர் கெட்டவர்களாக எழுதவில்லை. விளையாட இடம் இல்லாதவர்களாக எழுதியிருக்கிறார். திடல் வைத்திருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் நடக்கும் மோதல் எப்படிப்பட்டது என்பதை நம் வட சென்னைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரே ஒரு சுவருக்காக இரண்டு தரப்பு மோதிக்கொள்வதை 2014-ல் வந்த 'மெட்ராஸ்' படத்தில் பார்த்தோம். அங்கே மோதுகிறவர்கள் பெரியவர்கள், பின்னால் கட்சிகள் இருக்கின்றன. இங்கே பிள்ளைகள், பின்னால் யாருமே இல்லை.

நெமெச்செக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் பூங்காவுக்கு உளவு பார்க்கப் போகும்போது படகிலிருந்து தண்ணீரில் விழுகிறான். அதே இரவில் கண்ணாடிக் கொட்டகையில் ஒளிந்துகொள்ளத் தொட்டித் தண்ணீரில் இறங்குகிறான். அடுத்த முறை யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போகிறான். எதிரிகளின் கூட்டத்தை மரத்தின் மேலிருந்து கேட்கிறான். தன் அணியைச் சேர்ந்த கெரேப் என்பவனே எதிரிகளோடு உட்கார்ந்திருக்கிறான். காவல்கார யானோவுக்குச் சுருட்டும் காசும் கொடுத்து, பிள்ளைகளைத் திடலை விட்டு விரட்ட வைக்கலாம் என்று யோசனை சொல்கிறவன் அவன்தான். திடலைக் காக்க யாருக்கும் துணிச்சல் இல்லை என்று கெரேப் சொன்னதும், மரத்தின் மேல் இருந்தவனால் பொறுக்க முடியவில்லை. நான் இருக்கிறேன் என்று இறங்கி வந்து நிற்கிறான். தண்டனையாக அவனைக் குளத்தில் முக்குகிறார்கள். மூன்றாவது நனைதல். காய்ச்சல் பிடிக்கிறது.

இதற்கு நடுவில் கெரேப்பின் அப்பா வந்து நெமெச்செக்கிடம் கேட்கிறார்: என் மகன் துரோகியா, இல்லையா, உண்மையைச் சொல். துரோகத்தைக் கண்ணால் பார்த்தவன், அதற்காகக் குளத்தில் முக்கப்பட்டவன், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே, இல்லை என்கிறான். கேட்டவர் ஒரு தகப்பன் என்பதற்காக. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று கற்பிக்கிற நாம், இந்தப் பக்கத்தை அவர்களோடு உட்கார்ந்து வாசித்து, அவன் செய்தது சரியா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மாலை முழுக்கப் பேச்சு ஓடும்.

இன்னொரு கிளைக்கதையும் உண்டு. சில பையன்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தும் மக்கைச் சுரண்டிச் சேர்ப்பது சங்கத்தின் வேலை. அது காய்ந்துவிடாமல் வாயில் போட்டு மெல்வது தலைவரின் கடமை. சங்கத்துக்கு முத்திரை, கொடி, குறிப்பேடு எல்லாம் உண்டு. இந்தச் சங்கம் நெமெச்செக்கைக் கோழை என்று தவறாக முடிவு கட்டி, அவன் பெயரைக் குறிப்பேட்டில் சிறிய எழுத்துகளில் எழுதி வைக்கிறது. அந்த மொழியில் ஒருவர் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதுவதுதான் மரியாதை. சாகக் கிடக்கும் அவனை வாட்டியது காய்ச்சலை விட இந்த அவமானம்தான். எழுத்தில் ஒருவர் பெயரைத் தாழ்த்துவது எவ்வளவு ஆழமான காயம் என்று, பத்திரிகை நடத்தும் எனக்கு அந்தப் பக்கங்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

போர் நாளில் அவன் படுக்கையிலிருந்து எழுந்து வருகிறான். விதிகள் பேசி வைத்த போர் அது. மணல் உருண்டை எறியலாம், மல்லுக்கட்டலாம், குத்தக்கூடாது. போரை அறிவிக்க வந்த எதிரித் தூதுவர்கள், காய்ச்சலில் கிடக்கும் நெமெச்செக்கை வீட்டுக்கே போய்ப் பார்த்து மரியாதை செய்துவிட்டுத்தான் திரும்பினார்கள். தோற்கப்போகும் நேரத்தில் இந்தச் சின்னப் பையன் ஓடி வந்து ஃபெரி ஆச்சைக் கீழே தள்ளுகிறான், தானும் மயங்கி விழுகிறான். பால் தெரு ஜெயிக்கிறது. சில நாளில் நெமெச்செக் இறந்து போகிறான். மக்குச் சங்கத்தார் அவன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, மன்னிப்பும் பாராட்டும் சேர்த்த பத்திரத்தோடு வருகிறார்கள். அதை வாங்கிக்கொள்ள அவன் இல்லை. மகன் உயிர் ஊசலாடும் நேரத்திலும் அவனுடைய அப்பா, கோட்டு அளவு பார்க்க வந்த வாடிக்கையாளருக்கு முன்னால் குண்டூசியோடு நிற்க வேண்டியிருக்கிறது. அன்றைய கூலி அன்றைக்கு வந்தால்தான் அடுப்பு எரியும் வீடு அது. இந்தக் காட்சியை நம் பகுதியில் எந்த வீட்டிலும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கதை அதோடு முடியவில்லை. துக்கத்தோடு போகா திடலுக்குப் போகிறான். அங்கே யானோ ஒரு செய்தி சொல்கிறார். பொறியாளர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். நிலத்தின் சொந்தக்காரர் மாடி வீடு கட்டப் போகிறார். திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது. இவ்வளவு போராடிக் காத்த இடம், ஒருவன் உயிரையே கொடுத்த இடம், பிள்ளைகளுக்கு ஒருநாளும் சொந்தமாக இருந்ததே இல்லை. சிவப்புச் சட்டைக்காரர்களிடம் தோற்காத திடல் ஒரு வரைபடத்திடம் தோற்கிறது.

"இவ்வளவு சோகமான கதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று நம் வாசகி ஒருவர், ஆசிரியையாக இருப்பவர், கேட்டார். கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஹங்கேரியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பாடத்தில் இது இருக்கிறது. போலந்திலும் பள்ளியில் வாசிக்க வைக்கிறார்கள், இத்தாலியில் வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. புடாபெஸ்டில் 2007-ல் ஒரு பள்ளியின் வாசலில் இந்தப் பையன்களுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். கோலி ஆடும் நிலையில். அதுவும் கதையில் வருவதுதான்: வயதில் பெரிய இரண்டு பேர், சின்னப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கும் கோலிகளை ஒரே ஒரு வார்த்தை சொல்லி அள்ளிக்கொண்டு போகிறார்கள். எதிர்த்தால் அடி. நம் தெருவில் இது நடக்காமல் ஒரு நாளும் சாய்வதில்லை. தன் வீட்டில் இருக்கும் அநியாயத்தை ஒரு பிள்ளை முதன்முதலாகப் புத்தகத்தில் பார்க்கும்போது, தனக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் போகிறது. நம் பிள்ளைகள் சாவையும் வேலை இழப்பையும் வெள்ளத்தையும் வீட்டிலேயே பார்த்தவர்கள். மகிழ்ச்சியான கதைகளை மட்டும் கொடுத்து அவர்களிடமிருந்து எதை மறைக்கப் போகிறோம்?

ஒரு பத்திரிகைக்காரனாக எனக்குப் பிடித்த செய்தி, இந்த நாவல் பிறந்த விதம். மோல்நார் 1878-ல் பிறந்தவர். பள்ளியில் அவருக்குப் பாடம் சொன்ன கோர்னேல் ரூப் என்ற ஆசிரியர், மாணவர்களுக்காக ஒரு இதழ் நடத்திவந்தார். பழைய மாணவனை அழைத்து, எங்கள் இதழுக்கு ஒரு தொடர் எழுதிக் கொடு என்று கேட்டார். 1906-ல் அந்த மாணவர் இதழில் தொடராக வந்து, 1907-ல் புத்தகமானது. மோல்நார் பிறகு நாடகாசிரியராக உலகப் புகழ் பெற்றார். யூதர் என்பதால் நாஜிகளின் காலத்தில் ஐரோப்பாவை விட்டு வெளியேறி, 1952-ல் நியூயார்க்கில் காலமானார். அவருடைய நாடகங்களை இன்று கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். ஆசிரியர் கேட்டதற்காக மாணவர் இதழுக்கு எழுதிய கதை நூறாண்டு தாண்டி நிற்கிறது. சந்தாவை நம்பி நடக்கும் சின்ன இதழ்களுக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறு என்ன வேண்டும்!

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

1889-ல் புடாபெஸ்ட் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. புடா, பெஸ்ட் என்று தனித்தனியாக இருந்த ஊர்கள் 1873-ல்தான் ஒன்றாகியிருந்தன. எங்கே பார்த்தாலும் கட்டட வேலை. சிறுவர்களின் காலி மனைகள் ஒவ்வொன்றாக வீடுகளாக மாறின. அதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது? துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1870-களின் நடுவில் தொடங்கிய வேலை, 1881 புயலில் உடைந்து, மறுபடி கட்டப்பட்டது. கடலுக்குள் நீட்டிய அந்தக் கல் கரங்கள் கப்பல்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தன. கூடவே இன்னொன்றும் நடந்தது. நம் கரையில் அலைகள் ஆண்டு முழுவதும் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. வடகிழக்குப் பருவக் காற்றின் மாதங்களில் தெற்கு நோக்கியும், மற்ற மாதங்களில் வடக்கு நோக்கியும் நகரும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அப்படிப் போன மணலைத் துறைமுகத்தின் தெற்குக் கரம் நிறுத்திவிட்டது. நின்ற மணல் தெற்கே சேர்ந்தது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் பக்கம் வரை கரையைத் தின்றது.

மெரினாவில் ஞாயிற்றுக்கிழமை பந்தாடும் பிள்ளைகளைப் பார்த்து எனக்குப் பொறாமை கிடையாது. அவர்கள் ஓடட்டும். ஆனால் அவர்கள் காலடியில் இருக்கும் மணலில் ஒரு பங்கு வடக்கே வர வேண்டிய மணல் என்பதை வட சென்னைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ராயபுரம் கரையில் இன்றைக்குப் பாதம் பதிக்க மணல் இல்லாத இடங்களே அதிகம், கருங்கல் கொட்டிய தடுப்புதான் இருக்கிறது. பின்னாளில் தூண்டில் வளைவுகள் போட்டார்கள், சில இடங்களில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. வலை காயப்போட்ட கரையும், கட்டுமரம் ஏற்றிவைத்த கரையும், மாலையில் பிள்ளைகள் ஓடிய கரையும் ஒன்றுதான். அதை யாரும் சண்டை போட்டுப் பிடுங்கவில்லை. அளந்தவர்களும் கட்டியவர்களும் கப்பலைப் பற்றி மட்டும் யோசித்தார்கள். பால் தெருவுக்கு வந்த பொறியாளரும் அவர் வேலையைத்தான் செய்தார்.

கரை போனது, பிறகு ஆலைகள் வந்தன. எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள், மணலியில் எண்ணெய், உரம். இந்த வேலைகள்தான் நம் அப்பாக்களுக்குச் சோறு போட்டன, நம்மைப் படிக்க வைத்தன. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தொழிற்சாலைக்கு, குடோனுக்கு, கன்டெய்னர் யார்டுக்கு என்று நிலம் அளந்தபோது, பிள்ளைகளுக்கு என்று அளந்தது எவ்வளவு என்ற கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். துறைமுகம் போகும் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் பிள்ளைகள் விளையாட முடியாது. மிச்சம் இருப்பது, யாரோ வாங்கிப் போட்டிருக்கும் காலி மனைகள்.

இருந்தும் இந்தப் பகுதிப் பிள்ளைகள் விளையாட்டை விடவில்லை. வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சொல்கிறோம். குறுகிய தெருக்களிலிருந்து எத்தனை கால்பந்து வீரர்கள்! கேரம் இன்னொரு அதிசயம். ஓடுவதற்குத் திடல் இல்லாத ஊர், 74 சென்டிமீட்டர் சதுரப் பலகையையே திடலாக்கிக்கொண்டது. மரிய இருதயம் சென்னையில் ஆடி உலக சாம்பியன் ஆனார், கேரமுக்கு அர்ஜுனா விருது பெற்றார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். இங்கே மோல்நார் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அவருடைய திடலில் ஒரு பெண் பிள்ளை கூட இல்லை. அந்தக் காலத்துப் புடாபெஸ்ட் அப்படி இருந்திருக்கலாம். நம் தெருவில் இன்றைக்கும் பெண் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து, தம்பி ஆடுவதை வேடிக்கை பார்க்கிறார்கள். இடம் குறைந்தால் முதலில் ஆட்டத்தை விட்டு வெளியேறுபவர்கள் அவர்கள்தான். திடல் வேண்டும் என்று நான் சொல்வதில் பாதிக்கு மேல் அவர்களுக்காக.

போகாவின் பிள்ளைகளுக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிக்கிறவர், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுவுக்குத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரம் எழுதும் இடங்களில் ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். 10,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். நம்மைச் சுற்றி அதைவிடப் பெரிய மனைப்பிரிவுகள் எத்தனை வந்திருக்கின்றன! நம் மாத்தூர் ஊராட்சியாக இருந்து, 2011-ல் சென்னை மாநகராட்சியின் மணலி மண்டலத்தோடு சேர்ந்தது. ஊராட்சிக் காலத்தில் ஒதுக்கிய இடங்கள் எவை, எந்தத் தெருவில், இன்று யார் கையில் என்பதை வரைபடத்தோடு வைத்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு, அந்தத் தெருவில் குடியிருக்கும் நமக்கே உண்டு. வீடு வாங்கும்போது கிடைத்த அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம் பீரோவில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதில் பூங்கா, விளையாட்டுத் திடல் என்று குறித்த இடம் இருந்தால், நேரில் போய் நின்று பாருங்கள். அங்கே வேறு ஏதாவது இருந்தால் மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தானப்பத்திர நகல் கேட்கலாம். பிள்ளைகளால் இதைச் செய்ய முடியாது. கோட்டை கட்டிக் கொடி ஏற்றுவது அவர்கள் வேலை, பத்திரம் பார்ப்பது நம் வேலை. பால் தெருவில் அந்த இரண்டாவது வேலையைச் செய்யப் பெரியவர் ஒருவரும் இல்லை. 

புத்தகத்தைப் பற்றி ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. மோல்நார் மறைந்து அந்தக் காலம் 2012-ஓடு முடிந்துவிட்டது. ஆகவே மூல நாவலை யாரும் தமிழில் கொண்டுவரலாம். ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு என்பதால், ஆங்கிலத்திலிருந்து செய்கிறவர்கள் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஹங்கேரிய மொழி தெரிந்த தமிழர் யாராவது இதை வாசித்தால், அல்லது உங்களுக்கு அப்படி ஒருவரைத் தெரிந்தால், தயவுசெய்து எழுதுங்கள். இதழில் மாதம் நான்கு பக்கம் ஒதுக்கத் தயாராக இருக்கிறேன். அதுவரைக்கும், விடுமுறையில் ஞாயிறு மாலைகளில் கதையை வாய்மொழியாகச் சொல்லும் ஏற்பாட்டை நண்பர்கள் செய்கிறார்கள். மொட்டை மாடி போதும், பாய் போதும். உங்கள் தெருவில் சொல்ல வேண்டுமானால் கூப்பிடுங்கள், வந்து சொல்கிறோம். மல்லுக்கட்டும் இடம் வரும்போது பசங்க எழுந்து நின்றுவிடுவார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

அடுத்த இதழில் நடுப்பக்கம் முழுவதும் பிள்ளைகளுக்கு. எட்டு வயதிலிருந்து பதினாறு வரை யாரும் எழுதலாம். நீங்கள் விளையாடும் இடத்தை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள், அது எந்தத் தெருவில், யாருக்குச் சொந்தம் என்று தெரியுமா, எந்த நேரத்தில் யார் யார் ஆடுகிறார்கள், அக்கா தங்கைகள் ஆடுகிறார்களா, யார் விரட்டுகிறார்கள், கோலியா, காத்தாடியா, கிரிக்கெட்டா. காலால் அடி அடியாக அளந்து நீள அகலமும் எழுதுங்கள். படம் வரைந்தால் இன்னும் நல்லது. இங்கிலீஷில் எழுதினாலும் சரி, எழுத்துப் பிழை இருந்தாலும் சரி. உங்கள் பெயர்களை இதழில் எல்லாவற்றையும் விடப் பெரிய எழுத்தில் போடுவேன். கடிதங்கள் இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல, வீட்டில் தாத்தாவோ பாட்டியோ எழுதிக் கொடுக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்